பாதத்துக்கும் ஷூவுக்கும் நடுவே

2005 அக்டோபரில் மாட்ரிட் உள்ளரங்கப் போட்டியின் இறுதியாட்டம். முதல் இரண்டு செட்களையும் இழந்த ரஃபேல் நடால், அடுத்த மூன்றையும் வென்று இவான் லூபிசிச்சை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 19. அந்த ஜூனில்தான் முதல் பிரெஞ்சு ஓபன் பட்டம் கைக்கு வந்திருந்தது. மாட்ரிட் வெற்றியோடு கூடவே இடது பாதத்தில் கடும் வலியும் வந்தது. பரிசோதித்தபோது, பாதத்தின் நடுவில் வளைவைத் தாங்கி நிற்கும் நவிக்குலர் எலும்பு உருக்குலைந்து வருவது தெரிந்தது. முல்லர்-வைஸ் என்ற அரிய நோய். இனி டென்னிஸே ஆட முடியாதோ என்று வீடே கலங்கியது.

வழி ஷூவுக்குள் கிடைத்தது. அந்த எலும்பின் மேல் விழும் சுமையை வேறு பக்கம் திருப்பும்படி அவர் பாதத்துக்கென்றே ஓர் இன்சோல் செய்தார்கள். அது உட்காரும்படி ஷூவையும் மாற்றி அமைத்தார்கள். 2006 பிப்ரவரியில் களத்துக்குத் திரும்பிய நடால், அதன் பிறகு வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் மட்டும் 21.

ஆனால், பாதத்திலிருந்து விலகிய சுமை முழங்காலுக்கும் முதுகுக்கும் போய்ச் சேர்ந்ததாக அவரே தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். 2022-இல் 14-ஆவது பிரெஞ்சு ஓபனை வென்றபோதும் பாதத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி தேவைப்பட்டது. ஒரே வீரரின் வாழ்க்கையில் இன்சோலின் பலம், எல்லை இரண்டும் தெரிகின்றன. இன்சோல் சுமையைக் கரைத்துவிடுவதில்லை. அதன் இடத்தை மாற்றுகிறது. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, எந்த ஆட்டத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு என்று தெரிந்து செய்தால் அது வீரரைக் காக்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கிப் போட்டால் பணம் போகும். சில நேரம் புது வலியும் வரும். கடந்த அரை நூற்றாண்டின் ஆய்வுகளையும் அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

சுமையின் கணக்கு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைகள், தசைநாண்கள், இணைப்பு நார்கள் நூற்றுக்கு மேல். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் ஒரு தடித்த திசுப்பட்டை, வளைவின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டியிருக்கிறது. காலை ஊன்றி எழும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்க, இந்தப் பட்டை இறுகி வளைவு உயர்ந்து, தளர்ந்திருந்த பாதம் உறுதியான நெம்புகோலாகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் விளக்கிய இந்த இயக்கமே இன்றும் பாத அறிவியலின் அடிப்படைப் பாடம்.

வளைவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1987-இல் மெக்நீல் அலெக்சாண்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கணக்கு இது: 70 கிலோ எடையுள்ள ஒருவர் வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் இழந்து மீட்கும் ஆற்றல் சுமார் 100 ஜூல். அதில் ஏறக்குறைய 35 ஜூலைக் குதிநாணும், 17 ஜூலைப் பாத வளைவும் நீண்டு சுருங்கிச் சேமித்துத் திருப்பித் தருகின்றன. வளைவு அமுங்குவதைக் குறை என்று எண்ணி, அமுங்கவே விடாமல் முட்டுக்கொடுக்கும் இன்சோல் இந்தச் சேமிப்பில் கைவைக்கிறது. வளைவின் அமுக்கத்தைக் கடினமான இன்சோலால் தடுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சமதள ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல் 6 சதவீதம் வரை கூடியது. நடையிலும் ஏற்றத்தில் ஓடுவதிலும் அந்த வேறுபாடு தெரியவில்லை.

நடக்கும்போது தரை பாதத்தைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓடும்போது அது இரண்டு, மூன்று மடங்கு. வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடுவிக்கும் முன் ஊன்றும் காலில் ஐந்து மடங்கையும் தாண்டும். ஒரு மாரத்தானில் ஓட்டக்காரரின் பாதங்கள் தரையைத் தொடுவது சுமார் 40,000 தடவை. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தகட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் வந்ததற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். சிறிய மாற்றமும் ஆயிரக்கணக்கான முறை திரும்ப நிகழும்போது நன்மையாகவோ தீமையாகவோ திரண்டு நிற்கிறது.

எஃகுத் தகட்டிலிருந்து முப்பரிமாண அச்சு வரை

தட்டைப் பாதத்துக்கு அளவெடுத்துத் தகடு செய்யும் வழக்கம் பழையது. நியூயார்க்கில் ராயல் விட்மன் என்ற எலும்பு மருத்துவர், பாதத்தின் அச்சு எடுத்து எஃகுத் தகட்டை வளைத்துச் செய்யும் முறையை 1880-களின் இறுதியில் எழுதி வெளியிட்டார். விளையாட்டுக்கு அது வந்து சேர்ந்தது 1970-களில், அமெரிக்காவில் ஊரெல்லாம் ஓடத் தொடங்கிய காலத்தில். 1970-இல் நடந்த முதல் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்தவர்கள் 55 பேர். சில ஆண்டுகளில் அது ஆயிரங்களானது. ஓடியவர்கள் பெருகப் பெருக, முழங்கால் வலிக்காரர்களும் பெருகினார்கள். இருதய மருத்துவரும் ஓட்டக்காரருமான ஜார்ஜ் ஷீகன், 'ரன்னர்ஸ் வேர்ல்ட்' இதழில் தொடர்ந்து எழுதிய ஒரு கருத்து அக்காலத்தில் புதிது: முழங்கால் வலிக்கு மருந்தைப் பாதத்தில் தேடுங்கள். நியூயார்க்கின் பாத மருத்துவர் ரிச்சர்ட் ஷூஸ்டர் செய்துகொடுத்த இன்சோல்களை ஓட்டக்காரர்களிடையே பேசவைத்தவர் ஷீகன்.

இன்னொரு பக்கம் கலிபோர்னியாவில் மெர்ட்டன் ரூட் இதற்கு ஒரு முழுக் கோட்பாட்டை உருவாக்கினார். கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டுக்கு ஒரு நடுநிலை உண்டு. அந்த நிலையில் பாதத்தைப் பிடித்து அச்சு எடுத்து, விலகலுக்கு ஏற்ப ஆப்பு வைத்தால் பாதம் சரியான வழியில் இயங்கும் என்பது அவர் வாதம். வில்லியம் ஓரியன், ஜான் வீட் ஆகியோருடன் சேர்ந்து 1977-இல் அவர் வெளியிட்ட நூல் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பாடநூலாக இருந்தது. ஆடும் மேசைக்காலுக்கு அட்டை வைத்து நிமிர்த்துவது போன்ற எளிய தர்க்கம் அதற்குள் இருந்ததால் எல்லோருக்கும் புரிந்தது, பிடித்தது.

இன்று அச்சு எடுக்க மூன்று வழிகள் வழக்கில் இருக்கின்றன. படுத்த நிலையில் பாதத்தில் பிளாஸ்டர் துணி சுற்றி எடுப்பது. அமுங்கும் நுரைப்பெட்டியில் பாதத்தைப் பதிப்பது. லேசர் ஸ்கேனரில் முப்பரிமாணப் படம் எடுப்பது. இவற்றோடு, ஓடும்போது உள்ளங்காலில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்பதைப் பதிவு செய்யும் உணரித் தகடுகளும் ஷூவுக்குள் வைக்கும் உணரிகளும் உண்டு. இன்சோலின் அடிக்கூடு பாலிபுரொப்பிலீனாகவோ கார்பன் இழையாகவோ இருக்கும், மேலே ஈ.வி.ஏ. நுரை, கார்க் முதலியவை. கணினி வழிக் கடைசலில் வெட்டுவதும், நைலான் பொடியில் முப்பரிமாண அச்சிடுவதும் இப்போது பரவிவருகின்றன. அச்சு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது பாதத்தின் வடிவத்தை மட்டுமே சொல்லும். எந்த இடத்தில் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதைச் செய்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தேவை

நெடுந்தூர ஓட்டக்காரர்களை வாட்டுபவை குதிகால் அடி வலி, முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பு ஓரத்தில் வரும் வலி, முழங்கால்சில்லைச் சுற்றிய வலி, எலும்பில் மெல்ல விழும் அழுத்த முறிவு. எல்லாமே ஒரே அசைவு ஓயாமல் திரும்புவதால் வருபவை. இங்கே இன்சோலின் வேலை, வளைவின் அடியில் பரப்பைக் கூட்டி அழுத்தத்தைப் பரப்புவதும், குதிகாலை ஆழமான கிண்ணத்தில் நிறுத்துவதும். எடை குறைவாக இருக்க வேண்டும்; வளைவு கொஞ்சமாவது அமுங்க இடம் விட வேண்டும். 2017-க்குப் பிறகு வந்த கார்பன் தகட்டு மாரத்தான் ஷூக்கள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தன. அவற்றில் நுரையின் உயரமும் தகட்டின் வளைவும் ஒன்றுக்கொன்று அளந்து வைக்கப்பட்டவை. சாலை ஓட்ட ஷூவின் அடி 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் கூடாது என்று 2020-இல் உலகத் தடகளக் கூட்டமைப்பு வரம்பு விதித்தது. அத்தகைய ஷூவில் தடிமனான இன்சோலைத் திணித்தால் வடிவமைப்பின் கணக்கே மாறிவிடும்.

வேகப்பந்து வீச்சில் இரண்டு பாதங்களுக்கும் இரண்டு வேலை. வலக்கை வீச்சாளரின் இடது கால், ஓடிவந்த வேகத்தை ஒரே ஊன்றலில் நிறுத்துகிறது. பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கிப் பெருவிரல் நுனி இடிபடுகிறது. நகம் கறுத்து உதிர்கிறது. அதனால்தான் பல வேகப்பந்து வீச்சாளர்கள் முன்கால் ஷூவின் நுனியில் துளை வெட்டிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு இன்சோல் செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது வளைவை அல்ல, வழுக்கலை. குதிகாலைக் கிண்ணத்தில் பிடித்து, மேற்பரப்பு வழுக்காதபடி செய்து, இடதுக்கும் வலதுக்கும் வெவ்வேறு கடினத்தன்மை கொடுப்பது இங்கே நியாயம். 1987-இல் தொடங்கிய சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் பல்லாண்டுகள் பயிற்சி அளித்த வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியே முதுகெலும்பு முறிவிலிருந்து மீண்டு வந்தவர். பாதத்தில் தொடங்கும் விசை இடுப்பையும் முதுகையும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு வேகப்பந்து வீச்சைப் போல் தெளிவான சான்று குறைவு.

கால்பந்தில் முதல் தடை இடம். பந்தை உணர வேண்டும் என்பதற்காக வீரர்கள் இறுக்கமான பூட்ஸையே விரும்புகிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடனே ஆடி 1-2 என்று தோற்றது நினைவிருக்கலாம். பந்துக்கும் பாதத்துக்கும் நடுவே எதுவும் வேண்டாம் என்ற அந்த உணர்வு இன்றும் முற்றாகப் போகவில்லை. ஆகவே கால்பந்து இன்சோல் மெல்லியதாக, பூட்ஸோடு வந்த தகட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் உட்காருவதாக இருக்க வேண்டும். செயற்கைப் புல்தரை வந்த பிறகு பெருவிரல் மூட்டு பின்னோக்கி அதிகம் மடங்கிக் காயமாவது கூடியது. அதற்குப் பெருவிரலுக்கு அடியில் மட்டும் கடினமான நீட்சி வைத்த தகடு உதவுகிறது. காயமில்லாத வீரருக்கு அதே நீட்சி, வேகமாகப் புறப்படுவதற்குத் தடை.

கூடைப்பந்தில் பெரிய உடல்கள் குதித்துக் குதித்து இறங்குகின்றன. 2.29 மீட்டர் உயரமுள்ள யாவ் மிங், பாதத்தில் திரும்பத் திரும்ப வந்த முறிவுகளால் 2011-இல் ஓய்வு பெற்றார். 2014-இல் ஜோயல் எம்பீடுக்கு நவிக்குலர் எலும்பு முறிந்து இரண்டு முழுப் பருவங்கள் போயின. அதே ஆண்டு கெவின் டியூரண்டுக்கு ஐந்தாம் பாத எலும்பு முறிந்தது. நவிக்குலர் நடுவில், உள்பக்கம் சார்ந்தது. ஐந்தாம் எலும்பு வெளி ஓரம். முதலாவதைக் காக்க வளைவைத் தாங்க வேண்டும். இரண்டாவதற்கு அதே தாங்கல், சுமையை வெளி ஓரத்துக்குத் தள்ளிக் கெடுதல் செய்யலாம். அங்கே வெளிப்பக்கத்தை உயர்த்தி, அடியை விறைப்பாக்குவதே வழக்கம். ஒரே ஆட்டம், ஏறக்குறைய ஒரே உயரம், ஆனாலும் நேர் எதிரான இரண்டு இன்சோல்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: தகட்டின் தடிமன் குதிகாலை ஷூவுக்குள் மேலே தூக்கினால் கணுக்கால் பிடிப்பு தளரும்.

டென்னிஸிலும் பேட்மிண்டனிலும் பக்கவாட்டுப் பாய்ச்சல்கள்தான் உயிர். பி.வி. சிந்து 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இடது பாத வலியோடு ஆடித் தங்கம் வென்றார். அழுத்த முறிவு உறுதியானதால் உடனே வந்த உலகப் போட்டியை விட்டுவிட நேர்ந்தது. இந்த ஆட்டங்களில் உள்பக்க வளைவை அளவுக்கு மீறி உயர்த்திய இன்சோல், பக்கவாட்டில் நிற்கும் கணத்தில் பாதத்தை வெளியே புரட்டிக் கணுக்கால் சுளுக்குக்கு வழி செய்யும். ஓட்டத்துக்குச் செய்த தகட்டை எடுத்துப் பேட்மிண்டன் ஷூவில் போடக் கூடாது என்று பிசியோதெரபிஸ்டுகள் வற்புறுத்துவது அதனால்தான்.

சைக்கிள் ஓட்டத்தில் தரையில் மோதலே இல்லை. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 5,400 முறை, விறைத்த கார்பன் அடியின் மேல் முன்பாதம் மட்டும் அழுந்துகிறது. விரல்களுக்குக் கீழே எரிச்சலும் மரத்துப்போதலும் வருவது அதனால். வளைவைத் தாங்கும் தகடும், விரல் எலும்புகளுக்குச் சற்றுப் பின்னால் வைக்கும் சிறு மேடும் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கின்றன. மிதிக்கும் ஆற்றல் கூடும் என்ற விளம்பரத்துக்கு மட்டும் ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. பனிச்சறுக்கில் நிலைமை வேறு: கணுக்காலையும் சேர்த்துப் பூட்டிய விறைத்த பூட்ஸுக்குள் பாதம் சரியாமல் நின்றால்தான் உடல் சாய்வு சறுக்குப் பலகையின் விளிம்புக்குப் போகும். பளு தூக்குதலில் மென்மையே எதிரி. ஷூவின் குதி உயர்ந்தும் கல்லைப் போல் கடினமாகவும் இருப்பது, தூக்கும் விசை நுரையில் வீணாகக் கூடாது என்பதற்காக. ஜிம்னாஸ்டிக்ஸ், ஜூடோ போன்றவற்றில் ஷூவே கிடையாது. அங்கே பாதத்தின் சொந்த வலிமைதான் இன்சோல்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் காண வேண்டுமென்றால் ஏழு பந்தயங்கள் கொண்ட ஹெப்டத்லானைப் பார்க்க வேண்டும். வங்கத்தின் ஜல்பைகுரியைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மனுக்கு இரு பாதங்களிலும் ஆறாறு விரல்கள். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 6,026 புள்ளிகளோடு, அப்போட்டியின் ஹெப்டத்லானில் தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார். அதுவரை அவர் அணிந்தது ஐந்து விரல் பாதத்துக்குச் செய்த ஷூ. ஒவ்வொரு பாய்ச்சலிலும் வலி. தங்கம் வென்ற பிறகே அடிடாஸ் அவர் பாதங்களை அளந்து தனி ஷூக்கள் செய்துகொடுத்தது. தடை ஓட்டம், உயரம் தாண்டல், குண்டு எறிதல், 200 மீட்டர், நீளம் தாண்டல், ஈட்டி, 800 மீட்டர் ஆகிய ஏழுக்கும் பாதம் ஒன்று. தரையோடு அதன் பேச்சு ஒவ்வொன்றிலும் வேறு. பதக்கத்துக்குப் பின் வந்த அந்த அளவெடுப்பு, பதக்கத்துக்கு முன் வந்திருக்க வேண்டியது.

ஆய்வுகள் சொல்வது

இன்சோல்கள் காயத்தைத் தடுக்கின்றனவா என்று பார்க்க ஆய்வாளர்கள் அதிகம் நாடியது ராணுவப் பயிற்சி முகாம்களை. ஒரே உணவு, ஒரே ஓட்டம், ஒரே பூட்ஸ் என்பதால் ஒப்பிடுவது எளிது. பிரிட்டனின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில், அழுத்தப் பதிவின்படி காய அபாயம் அதிகமெனக் கண்ட 400 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். தனி அளவு இன்சோல் பெற்ற 200 பேரில் 21 காயங்கள். பெறாத 200 பேரில் 61. 2011-இல் வெளியான இந்த முடிவு பெரிதும் பேசப்பட்டது. அதே ஆண்டு பின்லாந்தில் 228 பேரிடம் நடந்த சோதனையில் இன்சோலால் பலன் எதுவும் தெரியவில்லை. பின்லாந்தில் யாருக்கு அபாயம் என்று முன்கூட்டிப் பார்த்துப் பிரிக்கவில்லை. முரணாகத் தோன்றும் இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே உள்ள முக்கியமான வேறுபாடு அது.

2017-இல் மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். பாதத்தின் வடிவுக்கு ஏற்பத் தாங்கும் இன்சோல்கள் மொத்தக் காயங்களை 28 சதவீதமும், அழுத்த முறிவுகளை 41 சதவீதமும் குறைத்திருந்தன. அதிர்ச்சி தாங்கும் என்று விற்கப்படும் மெத்தென்ற தட்டைத் தகடுகள் காயத்தைத் தடுக்கவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையில் 1,205 பேரிடம் 2006-இல் நடந்த சோதனையும் இதையே காட்டியிருந்தது. கடையில் கையால் அழுத்திப் பார்த்து 'நல்லா மெத்துனு இருக்கு' என்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

வலி வந்த பிறகு என்ன? குதிகால் வலிக்காரர்கள் 135 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை 2006-இல் வெளியானது. தாங்கும் இன்சோல் அணிந்தவர்கள் மூன்றாம் மாதத்தில் சற்று மேலாக இருந்தார்கள்; ஓராண்டில் எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். விலை உயர்ந்த தனி அளவுத் தகடும் கடையில் கிடைக்கும் ஆயத்தத் தகடும் ஒரே பலனையே தந்தன. 1999-இல் அமெரிக்காவில் 236 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் கடுமையாகச் சொன்னது: நீட்சிப் பயிற்சியோடு ஆயத்த சிலிகோன் தகடு அணிந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், தனி அளவுத் தகடு அணிந்தவர்களில் 68 சதவீதம் பேருக்கே. முழங்கால்சில்லு வலியில் 179 பேரிடம் 2008-இல் நடந்த ஆய்வில், வளைவைத் தாங்கும் தகடு ஆறு வாரத்தில் தட்டைத் தகட்டை வென்றது, பிசியோதெரபியை வெல்லவில்லை. குதிநாண் வலியில் 140 பேரிடம் செய்த சோதனையிலோ தனி அளவுத் தகடு பெயரளவுத் தகட்டைவிட மேலாக இல்லை.

அப்படியானால் தனி அளவு எதற்கு? பாதம் சராசரியிலிருந்து வெகுவாக விலகியிருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட எலும்பையோ மூட்டையோ காக்க வேண்டியிருக்கும்போது, ஆட்டத்தின் ஷூவில் ஆயத்தத் தகடு அடங்காதபோது. நவிக்குலர் சிதைந்த பாதத்துக்கும், ஆறு விரல் பாதத்துக்கும் கடையில் விடை இருக்காது. சாதாரணக் குதிகால் வலிக்குப் பெரும்பாலும் இருக்கிறது.

எலும்பை நிமிர்த்துவதா, உணர்வை மாற்றுவதா

ரூட்டின் கோட்பாடு எலும்பின் பாதையைத் திருத்துவதைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு துணிச்சலான சோதனையில் ஐந்து ஓட்டக்காரர்களின் குதிகால் எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் நேரடியாக ஊசிகளைப் பொருத்தி, இன்சோலோடும் இல்லாமலும் ஓடவைத்தார்கள். எலும்புகளின் அசைவில் வந்த மாற்றம் சிறிது. ஆளுக்கு ஆள் வேறு திசையில். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு உடலுக்கும் தானே விரும்பும் ஓர் அசைவுப் பாதை உண்டு. நல்ல இன்சோல் அந்தப் பாதையில் போகத் தசைகளின் உழைப்பைக் குறைக்கும்; கெட்டது கூட்டும். அதைக் கண்டறிய எளிய அளவுகோல் அணிபவரின் சௌகரியம். ராணுவத்தினர் 206 பேரை வைத்து அவர் குழு நடத்திய ஆய்வில், ஆறு வகைத் தகடுகளில் தமக்கு இதமானதைத் தாமே தேர்ந்து அணிந்தவர்களுக்குக் காயங்கள் குறைந்தன. ஒவ்வொருவரும் தேர்ந்தது ஒரே தகட்டை அல்ல.

மறுதரப்பும் வலுவானது. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்றதை மேற்கோள் காட்டி, பாதத்துக்கு முட்டுக்கொடுப்பதே தவறு என்பவர்கள் உண்டு. அவர்கள் கைக்கு அண்மையில் சான்றும் வந்தது. 12 வாரம் தனி அளவு இன்சோல் அணிந்த இளைஞர்களின் பாதத்துச் சிறு தசைகள் ஏறக்குறைய 10 முதல் 17 சதவீதம் மெலிந்ததாகக் கனடாவின் சிறிய ஆய்வு ஒன்று 2020-இல் காட்டியது. அதே ஆண்டு சாவோ பாவ்லோவில் 118 ஓட்டக்காரர்களிடம் நடந்த சோதனையில், பாதத் தசைகளுக்கு எட்டு வாரம் பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பெறாதவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 2.42 மடங்கு. விரல்களை மடக்காமல் வளைவை உயர்த்திப் பிடிப்பது, ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது போன்ற செலவில்லாத பயிற்சிகளே இத்தகைய திட்டங்களின் அடிப்படை. இன்சோல் வலியை அடக்கித் தரும் வாரங்களில் இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிட்டால், தகட்டை எடுத்த பிறகும் பாதம் தானே நிற்கும்.

நம் மண்ணின் அனுபவம்

உள்ளங்கால் அழுத்தம் பற்றிய அறிவியலில் தமிழகத்துக்கு மதிப்புக்குரிய பங்கு உண்டு. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம் சதை அழுகுவது அல்ல, உணர்வற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் என்று நிறுவினார். வேலூரிலும் கரிகிரியிலும் அவரும் குழுவினரும் பயன்படுத்திய நுண்துளை ரப்பர் செருப்பு, அழுத்தத்தைப் பரப்பிக் காயத்தைத் தடுக்கும் தகடுகளுக்கு முன்னோடி. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்க இன்று உலகமெங்கும் செய்யப்படும் இன்சோல்களில் அந்தச் சிந்தனை தொடர்கிறது. ஓட்டக்காரரின் எலும்பில் அழுத்த முறிவு விழுவதும் இதே தர்க்கத்தில்தான்.

பிள்ளைகளுக்குத் தட்டைப் பாதம் என்று கவலைப்பட்டு இன்சோல் தேடும் பெற்றோருக்கு ஆறுதல் தரும் ஆய்வும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மணிப்பால் மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 குழந்தைகளைப் பார்த்து 1992-இல் வெளியிட்ட கணக்கு: காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். 129 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் நடத்திய அமெரிக்கச் சோதனையில், திருத்தும் ஷூவும் இன்சோலும் பாத வளைவை மாற்றவில்லை. வலியில்லாமல் ஓடி விளையாடும் குழந்தையின் தட்டைப் பாதத்துக்கு மண்ணும் மணலும் போதும். வலித்தால் மட்டும் மருத்துவரிடம் போகலாம்.

வாங்கும் முன், வாங்கிய பின்

தமிழக விளையாட்டு விடுதிகளிலும் பள்ளித் திடல்களிலும் பயிற்சி பெறும் பிள்ளைகளில் பலர், ஒரே ஜோடி ஷூவில் தார்ச்சாலையில் ஓடி, மாலையில் அதே ஷூவில் கைப்பந்தும் ஆடுகிறார்கள். இவர்களுக்கு முதல் தேவை அளவு சரியான, தேயாத ஷூ. அடுத்தது பயிற்சிச் சுமையை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சியாளர். இன்சோல் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்றிச் சொல்பவர் விற்பனையாளராக இருக்கக்கூடும்.

உண்மையிலேயே இன்சோல் தேவைப்படுபவர் ஆட்டத்தின் ஷூவையும் அதற்கு அணியும் காலுறையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்; வெறும் பாதத்தை மட்டும் அளந்து செய்த தகடு ஷூவுக்குள் அடங்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. வலி எங்கே, எந்த அசைவில், எத்தனையாவது நிமிடத்தில் என்று கேட்காமல் ஸ்கேனரில் நிற்கச் சொல்பவரிடம் தயங்க வேண்டும். புதிய தகட்டை முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் நடைக்கு மட்டும் அணிந்து, இரண்டு மூன்று வாரங்களில் மெல்லப் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டும். போட்டி நாளில் முதன்முறையாக அணியவே கூடாது. ஆயத்தத் தகடு போதுமா என்று முதலில் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பிறகு, நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரத்தில் வலியில் மாற்றம் இல்லையென்றால் அந்தத் தகடு அந்தப் பாதத்துக்கு உரியதல்ல. திருத்தவோ எடுத்துவிடவோ வேண்டும். மாற்றம் தெரிந்தால் மூன்றாம் மாதத்தில் மீண்டும் பரிசோதனை: பாதத் தசைகள் எவ்வளவு தேறியிருக்கின்றன, முழங்காலிலோ இடுப்பிலோ புதிதாக ஏதாவது வலிக்கிறதா, தகட்டின் நுரை அமுங்கிவிட்டதா. எலும்பின் வடிவமே மாறிய வீரர்களுக்கு இன்சோல் நெடுங்காலத் துணை. மற்றவர்களில் பலர் அந்த மூன்றாம் மாதத்திலிருந்து பயிற்சி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துவிட்டு ஓடிப் பார்க்கலாம்.